சபை கூடும்போது அந்நியபாஷை எதற்காக? டர்பன் தமிழ்க் கிறிஸ்தவர்கள் கேட்கும் கேள்விகள்

டர்பனில் இந்தியர் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் மெரபேங்கிலும் ஒரே குடும்பத்தில் தாத்தா ஆங்கிலிக்கன் ஆலயத்துக்கும், மகள் கத்தோலிக்கக் கோவிலுக்கும், பேரன் பெந்தெகொஸ்தே சபைக்கும் போவது சாதாரணம். சித்தப்பா வீட்டில் இன்னும் முருகன் படத்துக்கு முன் விளக்கு எரியும். ஆகவே அந்நியபாஷையைப் பற்றிய கேள்விகள் இங்கே வேதபாட வகுப்பில் எழுவதைவிடச் சாப்பாட்டு மேசையில்தான் அதிகம் எழுகின்றன. அப்படி அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதப்பட்டுள்ளது. எழுதுகிறவர் இந்த வரம் இன்றும் உண்டு என்று நம்புகிறவர்; ஆனால் ஞாயிறு ஆராதனையில் அது கையாளப்படும் விதத்தைப் பற்றி அவருக்குச் சில கண்டிப்பான கருத்துகள் உண்டு. அவற்றை மறைக்க அவர் முயலவில்லை.

கேள்வி: அந்நியபாஷை என்று சொல்வது எதை?

பேசுகிறவர் கற்றிராத, பெரும்பாலும் அவருக்கே பொருள் விளங்காத சொற்களில் கடவுளை நோக்கி ஜெபிப்பதையும் துதிப்பதையும் இவ்வாறு சொல்கிறோம். புதிய ஏற்பாட்டில் இதைப் பற்றிய செய்திகள் முக்கியமாக இரண்டு இடங்களில் உள்ளன. ஒன்று அப்போஸ்தலருடைய நடபடிகள். மற்றொன்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் 12 முதல் 14 வரையிலான அதிகாரங்கள். மாற்கு 16:17-இலும் நவமான பாஷைகளைப் பற்றிய வாக்கு இருக்கிறது. ஆனால் அந்தப் பகுதி மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் இரண்டில் காணப்படாததால், அதை மட்டும் வைத்து ஒரு போதனையைக் கட்டுவது நல்லதல்ல.

கேள்வி: பெந்தெகொஸ்தே நாளில் (இயேசுவின் சீடர்மேல் ஆவி இறங்கிய நாள்) எருசலேமில் நடந்ததும், இன்று நாம் சபைகளில் கேட்பதும் ஒன்றுதானா?

வெளித்தோற்றத்தில் ஒன்றல்ல. எருசலேமில் கூடியிருந்த பார்த்தரும் மேதரும் ஏலாமீத்தரும் எகிப்தியரும் ரோமாபுரியாரும் தங்கள் தங்கள் ஊர்ப் பேச்சிலேயே தேவனுடைய மகத்துவங்களைக் கேட்டார்கள் என்று அப்போஸ்தலர் 2 சொல்கிறது. அங்கே மொழிபெயர்ப்பவர் ஒருவரும் தேவைப்படவில்லை. கொரிந்துவில் நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே பேசப்பட்டதைக் கேட்டவர் ஒருவருக்கும் விளங்கவில்லை. அர்த்தம் சொல்லும் வரம் பெற்ற ஒருவர் எழுந்து சொன்னால்தான் சபைக்குத் தெரியும். இன்று டர்பன் சபைகளில் நாம் கேட்பது பெரும்பாலும் கொரிந்து வகையைச் சேர்ந்தது. எருசலேம் நிகழ்ச்சியைக் காட்டி இதை விளக்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. "பேதுரு பேசியது எல்லாருக்கும் புரிந்ததே, இவர் பேசுவது ஏன் எனக்குப் புரியவில்லை?" என்று கேட்கும் பிள்ளையின் கேள்வி முற்றிலும் நியாயமானது.

கேள்வி: அப்படியானால் இதன் நோக்கம்தான் என்ன?

புதிய ஏற்பாடு ஒரே ஒரு நோக்கத்தைச் சொல்லவில்லை. இடத்துக்கு ஏற்பச் சொல்கிறது. அவற்றை ஒன்றோடொன்று கலக்காமல் பார்ப்பது நல்லது.

நடபடிகளில் அந்நியபாஷை வேலியைப் பிரிக்கும் அடையாளமாக வருகிறது. செசரியாவில் கொர்நேலியு என்ற ரோமப் படைத்தலைவனின் வீட்டில் பேதுரு பேசிக்கொண்டிருக்கும்போதே, விருத்தசேதனம் இல்லாத, யூதரல்லாத அந்த வீட்டார் அந்நியபாஷைகளில் தேவனைப் புகழ்ந்தார்கள். பேதுருவோடு வந்திருந்த யூத விசுவாசிகள் திகைத்துப்போனார்கள். அவர்கள் திகைத்ததற்குக் காரணம் அந்தச் சத்தம் அன்று. தங்களுக்குக் கிடைத்த அதே ஆவி, தாங்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடவும் தயங்கிய மனிதர்களுக்கும் கிடைத்துவிட்டதே என்பதுதான். எருசலேமுக்குத் திரும்பியபின் பேதுரு சொன்ன நியாயமும் அதுவே: கடவுள் அவர்களை ஏற்றுக்கொண்டபின் தடுப்பதற்கு நான் யார் என்றார். இந்த நோக்கத்தைத் தென்னாப்பிரிக்கர்கள் மற்றவர்களைவிடக் கவனமாகப் படிக்க வேண்டும். அதைப் பற்றிக் கீழே வேறொரு பதிலில் எழுதப்பட்டுள்ளது.

கொரிந்துவுக்கு எழுதும்போது பவுல் வேறொரு நோக்கத்தைச் சொல்கிறார். அந்நியபாஷையில் பேசுகிறவன் மனிதரிடம் அல்ல, தேவனிடம் பேசுகிறான். தனக்கே பக்திவிருத்தி உண்டாகப் பேசுகிறான் (1 கொரிந்தியர் 14:2, 4; கீழே நூலின் பெயர் இல்லாமல் வரும் எண்களும் இந்தக் கடிதத்தினுடையவையே). இதைப் பலர் கண்டனமாகவே வாசிக்கிறார்கள். அது கண்டனம் அன்று. தனியாக ஜெபிக்கும் ஒருவர் தன் உள்ளத்தைக் கட்டியெழுப்பிக்கொள்வதில் என்ன குற்றம் இருக்கிறது? தான் மற்ற எல்லாரையும்விட அதிகமாகப் பேசுவதற்காகத் தேவனுக்கு நன்றி செலுத்துவதாகப் பவுலே சொல்கிறார். துயரம் முற்றிச் சொல் எழாத நேரத்தில், வாக்குக்கு அடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 கூறுவதைப் பலர் இத்தோடு இணைத்துப் படிக்கிறார்கள். அந்த வசனம் அந்நியபாஷையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை என்றாலும், அந்த இணைப்பில் பொருள் இருக்கிறது. மருத்துவமனை வராந்தாவில் மகனின் அறுவைச் சிகிச்சை முடியக் காத்திருக்கும் ஒரு தாய் உதடு அசையாத குரலில் அப்படி ஜெபிப்பதைக் கண்டவர்களுக்கு அதன் பயனை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அதே பவுல் சபை கூடும் இடத்துக்கு வந்ததும் அளவுகோலை மாற்றிவிடுகிறார். அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பக்கத்தில் இருப்பவருக்கு இதனால் என்ன பயன்? அந்நியபாஷையில் பதினாயிரம் வார்த்தை பேசுவதைவிட, மற்றவர்களுக்கு விளங்கும் ஐந்து வார்த்தை பேசுவதே மேல் என்கிறார். நீ நன்றாகத்தான் ஸ்தோத்திரம் செய்கிறாய், ஆனால் நீ சொல்வது விளங்காதவன் எப்படி "ஆமென்" என்று சொல்வான் என்று கேட்கிறார் (14:16). ஆராதனை என்பது பலர் ஒரே நேரத்தில் தனித்தனியாகச் செய்யும் ஜெபங்களின் கூட்டுத்தொகை அன்று என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆகவே அர்த்தம் சொல்லப்பட்டால் சபையில் அந்நியபாஷைக்குத் தீர்க்கதரிசனத்துக்கு ஒப்பான இடம் உண்டு. அர்த்தம் சொல்பவர் இல்லையென்றால் அது வீட்டு அறைக்கு உரியது. இந்தப் பக்கத்திலுள்ள மற்றப் பதில்கள் எல்லாம் இந்த ஒரு வரியிலிருந்து வருபவையே.

கேள்வி: அவிசுவாசிகளுக்கு அடையாளம் என்று 14:22 சொல்கிறதே? அப்படியானால் வெளியார் வந்திருக்கும்போதுதானே அதிகம் பேச வேண்டும்?

அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். சபையார் எல்லாரும் அந்நியபாஷையில் பேசும்போது வெளியார் உள்ளே வந்தால் உங்களைப் பைத்தியம்பிடித்தவர்கள் என்பார்களே என்று உடனே பவுல் கேட்கிறார். அவர் அங்கே மேற்கோள் காட்டுவது ஏசாயா 28:11. சொந்த மொழியில் தீர்க்கதரிசிகள் சொன்னதைக் கேட்க மறுத்த மக்களிடம், இனிப் புரியாத பேச்சுடைய அந்நியப் படை வந்து பேசும் என்ற எச்சரிக்கை அது. ஆகவே இங்கே "அடையாளம்" என்பது ஈர்க்கும் அடையாளம் அன்று, தள்ளி நிறுத்தும் அடையாளம் என்று கொள்வதே பொருந்துகிறது. வெளியாரைக் கவருவதற்காக மேடையில் அந்நியபாஷை பேச வேண்டும் என்று இந்த வசனத்திலிருந்து வாதிடுவது, வசனத்தைத் தலைகீழாகப் பிடிப்பதாகும்.

கேள்வி: "அபிஷேகம் பெற்றாயா?" என்று கேட்கிறார்கள். அந்நியபாஷை பேசாதவருக்கு ஆவியின் அபிஷேகம் இல்லையா?

பல பெந்தெகொஸ்தே சபைகள் அந்நியபாஷையை ஆவியின் அபிஷேகத்துக்கு முதல் வெளி அடையாளம் என்று போதிக்கின்றன. 1901-இல் அமெரிக்காவின் டொபீகா நகரில் சார்லஸ் பார்ஹாமின் வேதப்பள்ளியில் இந்தப் போதனை உருப்பெற்றது. 1916-இல் அசெம்பிளிஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே சபை தன் விசுவாச அறிக்கையிலும் அதைச் சேர்த்தது. நடபடிகள் 2, 10, 19 ஆகிய மூன்று அதிகாரங்களே அதற்கு ஆதாரம். எருசலேமிலும் செசரியாவிலும் எபேசுவிலும் ஆவி இறங்கியபோது பேசினார்கள் என்பது உண்மை. அதே நூலில், எருசலேமில் மனந்திரும்பிய மூவாயிரம் பேர் பேசியதாகச் சொல்லப்படவில்லை. சமாரியாவில் ஆவியைப் பெற்றவர்களைப் பற்றியும் அப்படிச் சொல்லப்படவில்லை. "எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?" என்று பவுல் கேட்கும்போது (12:30) இல்லை என்ற பதிலையே எதிர்பார்க்கிறார். அங்கே பவுல் குறிப்பிடுவது சபையில் பேசும் வரத்தை மட்டுமே, முதல் அடையாளத்தை அன்று என்று பெந்தெகொஸ்தேயார் விடை சொல்வார்கள். அந்த விடையை அசட்டையாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த வேறுபாட்டைப் பவுல் தாமே எங்கும் சொல்லவில்லை என்பதும் உண்மை.

இறையியல் வாதம் எப்படி முடிந்தாலும், நடைமுறையில் விளையும் தீங்கு ஒன்று உண்டு. நாற்பது வருடம் நோயாளிகளைப் பார்த்து, பசித்தவருக்குச் சோறு போட்டு, பொறுமையாக வாழ்ந்த ஒரு மூதாட்டி, "எனக்கு அபிஷேகம் இல்லை, ஐயா" என்று தலை குனிந்து சொல்ல வேண்டிய நிலையை ஒரு போதனை உண்டாக்குமானால், அதைப் போதிக்கும் முறையிலாவது ஏதோ கோளாறு இருக்கிறது. 12-ஆம் அதிகாரத்துக்கும் 14-ஆம் அதிகாரத்துக்கும் நடுவில்தான் அன்பைப் பற்றிய அதிகாரம் இருக்கிறது. திருமணங்களில் வாசிப்பதற்காக அதைப் பவுல் எழுதவில்லை. இந்தச் சண்டைக்காகத்தான் எழுதினார்.

கேள்வி: இந்த வழக்கம் தென்னாப்பிரிக்காவுக்கு, குறிப்பாக நம் தமிழருக்கு, எப்படி வந்தது?

1906-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் அசூசா தெருவில், அடிமைகளாக இருந்தவர்களின் மகனான வில்லியம் சீமோர் நடத்திய எழுப்புதலில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக முழங்கால்படியிட்டார்கள். அந்த எழுப்புதலின் தொடர்ச்சியாக 1908-இல் ஜான் ஜி. லேக், தாமஸ் ஹெஸ்மல்ஹால்க் ஆகியோர் ஜோகன்னஸ்பர்க் வந்து, டோர்ன்ஃபொன்டெயினில் ஒரு கறுப்பின மக்களின் ஆலயத்தில் கூட்டங்களைத் தொடங்கினார்கள். அதிலிருந்துதான் அப்போஸ்தலிக் ஃபெய்த் மிஷன் என்ற பெந்தெகொஸ்தே சபை தோன்றியது. டர்பன் அடங்கிய நேட்டாலில் இந்தியர் நடுவே 1931-இல் டர்பனில் ஆங்கிலேயரான ஜே. எஃப். ரோலண்ட்ஸ் தொடங்கிய ஊழியம் பெதஸ்தா சபைகளாக வளர்ந்தது. கரும்புத் தோட்டங்களிலும் மேகசின் பாரக்ஸ் போன்ற நகரசபைக் குடியிருப்புகளிலும் இருந்த தமிழ், தெலுங்கு இந்துக் குடும்பங்கள் பல அந்தச் சபைகளில் சேர்ந்தன. ஒவ்வோர் இனத்தாரையும் தனித்தனிப் பகுதிகளில் ஒதுக்கிய 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தால் அந்தக் குடியிருப்புகள் கலைக்கப்பட்டு மக்கள் சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளப்பட்டபோது, கோவிலும் அக்கம்பக்கமும் ஒரே நேரத்தில் பறிபோயின. கூடாரக் கூட்டமும் வீட்டு ஜெபக்குழுவும் அந்த வெறுமையில் வேர்பிடித்தன.

ஆனால் தமிழரிடையே இந்த அனுபவத்துக்கு இதைவிடப் பழைய வரலாறு உண்டு. அசூசா தெருவுக்கு நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1860-இல் திருநெல்வேலிச் சீமையில் தமிழ் ஊழியர் யோவான் கிறிஸ்தியான் அருளப்பனின் ஊரான கிறிஸ்தியான்பேட்டையை ஒட்டி எழுந்த எழுப்புதலில், தீர்க்கதரிசனமும் அந்நியபாஷையும் அதற்கு அர்த்தம் சொல்லுதலும் இருந்ததாக அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன. அதே 1860 நவம்பரில்தான் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்தில் நின்றது. அதில் வந்தவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பு இருந்ததென்று சொல்ல ஆதாரம் இல்லை. எனினும் இது அமெரிக்காவிலிருந்து வந்த புதுச் சரக்கு என்று நினைக்கும் தமிழர்கள் அருளப்பனை மறக்கக் கூடாது.

வேலியைப் பிரிப்பதைப் பற்றி மேலே சொன்னது இங்கேதான் உறைக்கிறது. டோர்ன்ஃபொன்டெயினில் கலந்து தொடங்கிய கூட்டம் வெகு சீக்கிரத்தில் நிறவாரியாகப் பிரிந்தது. வெள்ளையர் தனி, கறுப்பர் தனி, கலப்பினத்தார் தனி, இந்தியர் தனி என்று பிரிந்த அந்தச் சபை, சட்டப்படி ஒன்றானது 1996-இல்தான். கொர்நேலியுவின் வீட்டில் எதற்கு அடையாளமாக இருந்ததோ, அதற்கு நேர் எதிரான அமைப்புக்குள் உட்கார்ந்துகொண்டே ஒவ்வொரு பிரிவும் அதே அந்நியபாஷையைப் பேசிக்கொண்டிருந்தது. சீமோர் தம் பிற்காலத்தில், அன்பு இல்லாத இடத்தில் அந்நியபாஷை ஆவியின் சான்றாகாது என்று வலியுறுத்தியதற்கும், தம்மைச் சுற்றி இனப் பிரிவினை வளர்ந்ததை அவர் கண்டதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

கேள்வி: கற்காத மொழியில் நற்செய்தி சொல்வதற்காகத்தானே இந்த வரம் கொடுக்கப்பட்டது?

தொடக்ககாலப் பெந்தெகொஸ்தேயார் பலர் அப்படித்தான் நம்பினார்கள். பார்ஹாமும் அதைத்தான் போதித்தார். அசூசா தெருவிலிருந்து புறப்பட்ட ஆல்ஃபிரட் கார், தமக்கு வங்கமொழி அருளப்பட்டதாக நம்பிக் கல்கத்தா சென்றார். அங்கே யாருக்கும் அது வங்கமொழியாகக் கேட்கவில்லை. அவர் அனுபவத்தை மறுக்கவில்லை. நோக்கத்தைப் பற்றிய தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அது ஜெபத்துக்கும் துதிக்கும் உரியது என்று சொல்லத் தொடங்கினார். சுவிசேஷம் சொல்ல வேண்டுமானால் மொழியை உட்கார்ந்துதான் கற்க வேண்டும். இந்த ஊரில் ஜூலு மொழியை ஒழுங்காகக் கற்காமல் மூன்று தலைமுறை வாழ்ந்துவிட்ட நாம் இதை உரக்கச் சொல்லாமல் இருப்பதே நல்லது.

கேள்வி: பேசும்போது ஆள் தன்னை மறந்துவிடுகிறாரா? காவடியில் அருள் வருவதும் இதுவும் ஒன்றா?

மவுன்ட் எட்ஜ்கோம்பிலோ அம்பிலோவிலோ தைப்பூசக் காவடியையும் தீமிதியையும் பார்த்து வளர்ந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பது இயல்பு. பெரும்பாலும் அவர்கள் கேலியாகக் கேட்பதில்லை. இரண்டையும் அருகிருந்து பார்த்தவர்கள் அவர்கள். உடுக்கையும் மேளமும் ஏறும்போது உடல் நடுங்குவதையும், கூடாரக் கூட்டத்தில் கீபோர்டும் டிரம்ஸும் ஏறும்போது உடல் நடுங்குவதையும் கண்ட ஒரு பாட்டி, "இரண்டும் ஒண்ணுதானே, ஐயா?" என்று கேட்டால், அவரை அதட்டுவது பதில் ஆகாது.

காவடி எடுப்பவரின் பக்தியைத் தீர்ப்புச் செய்வது இந்தப் பதிலின் வேலை அன்று. கிறிஸ்தவ வேதம் தன் வரத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை மட்டும் பார்ப்போம். தீர்க்கதரிசிகளுடைய ஆவிகள் தீர்க்கதரிசிகளுக்கு அடங்கியிருக்கின்றன என்று பவுல் எழுதுகிறார் (14:32). அர்த்தம் சொல்பவர் இல்லையென்றால் பேசாமல் இருக்கட்டும் என்றும் கட்டளையிடுகிறார். பேசாமல் இருக்க முடிந்தவருக்கு மட்டுமே அப்படிக் கட்டளையிட முடியும். ஆகவே "என்னால் அடக்க முடியவில்லை, ஆவியானவர் பேச வைக்கிறார்" என்ற விளக்கத்துக்குப் பவுலின் கடிதத்தில் இடமே இல்லை. பேசுகிறவர் தொடங்கலாம், நிறுத்தலாம், குரலைத் தாழ்த்தலாம், முற்றிலும் அடங்கி இருக்கலாம். இசையின் வேகத்தால் மட்டுமே எழும் கிளர்ச்சியைக் கிறிஸ்தவ மேடையில் கண்டாலும் அதை வரம் என்று அழைக்கத் தேவையில்லை. கொரிந்துவினர் முன்பு நடத்தப்பட்டபடியே ஊமையான விக்கிரகங்களிடம் இழுத்துச் செல்லப்பட்டதை 12:2-இல் பவுல் நினைவூட்டுவது, உணர்ச்சியின் வேகத்தை ஆவியின் அளவாகக் கொள்ளாதீர்கள் என்பதற்காகவே.

கேள்வி: அப்போஸ்தலர் காலத்தோடு இந்த வரம் ஓய்ந்துவிட்டது என்று சில சபைகள் சொல்கின்றனவே?

13:8-இல் அந்நியபாஷைகள் ஓய்ந்துபோம் என்று இருப்பது உண்மை. எப்போது என்பதில்தான் வேறுபாடு. நிறைவானது வரும்போது என்று பவுல் சொல்வதை, வேதாகமம் எழுதி முடிக்கப்பட்டதைக் குறிப்பதாகச் சிலர் கொள்கிறார்கள். முகமுகமாய்ப் பார்ப்போம் என்று அதே இடத்தில் வருவதால் கிறிஸ்துவின் வருகையைக் குறிப்பதாக மற்றவர்கள் கொள்கிறார்கள். இரண்டாவது விளக்கமே இயல்பாகப் படுகிறது. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆயரான இரேனேயு, தம் காலத்தில் பலவித மொழிகளில் பேசுகிறவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். நான்காம் நூற்றாண்டின் இறுதிக்கு வந்தால், இத்தகையவை இப்போது நடப்பதில்லை என்பதால் இந்தப் பகுதி விளங்கக் கடினமாக இருக்கிறது என்று யோவான் கிறிசோஸ்தோம் பிரசங்கிக்கிறார். அகஸ்டினும் அது அந்தக் காலத்துக்கு உரிய அடையாளம் என்றார். குறைந்தது, மறைந்தது, திரும்ப எழுந்தது என்பதே வரலாற்றின் போக்கு. 1967-க்குப் பின் கத்தோலிக்கச் சபைக்குள்ளேயே ஆவியின் வரங்களை நாடும் கரிஸ்மாட்டிக் இயக்கம் பரவியபின், இது ஒரு பிரிவினரின் விசித்திரம் என்று சொல்வதும் கடினமாகிவிட்டது.

கேள்வி: அறிவியல் இதைப் பற்றி என்ன சொல்கிறது?

மொழியியலாளர் வில்லியம் சமரின் 1972-இல் வெளியிட்ட ஆய்வில், பேசுகிறவரின் தாய்மொழியில் உள்ள ஒலிகளே இதில் பெரும்பாலும் வருகின்றன என்றும், இலக்கணமும் பொருளும் உடைய மனித மொழியின் அமைப்பு இதற்கு இல்லை என்றும் காட்டினார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மூளை ஆய்வாளர் ஆண்ட்ரூ நியூபெர்க் 2006-இல், ஐந்து பெண்கள் அந்நியபாஷையில் ஜெபித்தபோதும் பாடியபோதும் அவர்களின் மூளையை ஒப்பிட்டுப் பார்த்தார். அந்நியபாஷையில் ஜெபித்தபோது மூளையின் முன்பகுதியின் செயல்பாடு குறைந்திருந்தது. என் ஆவி விண்ணப்பம் பண்ணும், என் கருத்தோ பயனற்றதாயிருக்கும் என்று பவுல் சொன்னதோடு (14:14) இது முரண்படவில்லை. ஆனால் ஐந்து பேரை வைத்துக் கடவுளை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

கேள்வி: எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழே தெரியாது. சபையில் தமிழ்ப் பாட்டுப் பாடுவதும் அவர்களுக்கு அந்நியபாஷைதானே?

இந்த ஊரில் எழும் கேள்விகளிலேயே மிகக் கூர்மையானது இதுதான். வேடிக்கையாகக் கேட்டாலும் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பல சபைகளில் தமிழ்க் கீர்த்தனைகளை ஆங்கில எழுத்தில் அச்சிட்டோ திரையில் காட்டியோ பாடுகிறார்கள். பதினைந்து வயதுப் பையன் தன் ஆயாவின் (பாட்டியின்) பக்கத்தில் நின்று, "ழ" வரும் இடமெல்லாம் "ல" என்று, ராகம் ஒன்றும் பிசகாமல் பாடி முடிக்கிறான். ஆயாவின் கண் கலங்குகிறது. அவனுக்கு ஒரு வரிகூடப் பொருள் தெரியாது. பவுலின் அளவுகோலை அப்படியே எடுத்துக்கொண்டால், ஆயாவுக்கு இது பக்திவிருத்தி; பையனுக்கு இது ஓசை. அந்நியபாஷையைக் கண்டிக்கும் பழைய சபைகள் இந்த இடத்தில் தங்களையும் சோதித்துப் பார்க்க வேண்டும். பொருள் சொல்லாமல் ஒரு தலைமுறைக்கே தமிழை ஓசையாகக் கொடுத்துவிட்டு, பெந்தெகொஸ்தேயாரை மட்டும் 14-ஆம் அதிகாரத்தைக் காட்டிக் கடிந்துகொள்வது நியாயமாகாது.

தமிழ்ப் பாட்டை நிறுத்துவது இதற்குத் தீர்வு அன்று. ஆயாவின் "ஆமென்" எந்த வகையிலும் மட்டமானதல்ல. பவுல் கொரிந்துவில் செய்யச் சொன்னதையே இங்கேயும் செய்ய வேண்டும்: பாடுவதற்கு முன் ஒருவர் எழுந்து அர்த்தம் சொல்ல வேண்டும். சரணத்துக்கு இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் சொன்னால் போதும். ஜூலு பேசும் சகோதரி எழுந்து தன் மொழியில் ஜெபித்தாலும் அதையே செய்ய வேண்டும். மொழி தெரிந்த ஒருவர் சபையில் இருந்தும் எழுந்து சொல்லாமல் உட்கார்ந்திருப்பதைச் சோம்பல் என்றுதான் சொல்ல வேண்டும்.

கேள்வி: சபையார் எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தமாக அந்நியபாஷையில் ஜெபிப்பது சரியா?

14:27-28 இதைத் தெளிவாகவே சொல்கிறது: இரண்டுபேர், மிஞ்சினால் மூன்றுபேர், ஒருவர் பின் ஒருவராக, ஒருவர் அர்த்தம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் தனக்கும் தேவனுக்கும் தெரியப் பேசிக்கொள்ள வேண்டும். அது சபைக்குச் சொல்லும் செய்திக்கு மட்டுமே பொருந்தும், கூட்டுத் துதிக்குப் பொருந்தாது என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படியே வைத்துக்கொண்டாலும், மேடையில் இருப்பவர் ஒலிவாங்கியை வாயருகே வைத்துக்கொண்டு பேசும்போது அது தனக்கும் தேவனுக்குமான பேச்சாக இருக்க முடியாது. ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டுப் பேசலாமே.

கேள்வி: துக்க வீட்டில் அந்நியபாஷையில் ஜெபிக்கலாமா?

கூடாது என்பதே இதை எழுதுகிறவரின் கருத்து. நம் துக்க வீடுகளில் பாதிப்பேர் இந்து உறவினர். வீட்டு முன்னால் கூடாரம். உள்ளே பெட்டிக்கு அருகே சபையார் பாடுகிறார்கள். பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் நிற்கிறார். அந்த நேரத்தில் நான்கைந்து பேர் உரத்த குரலில் அந்நியபாஷையில் தொடங்கினால், அவர் மெதுவாக வெளியே போய்க் கார் அருகில் நின்றுகொள்வார்; பதினாறாம் நாள் வரைக்கும் அந்த வீட்டில் அதுதான் பேச்சாக இருக்கும். வெளியார் வந்தால் என்ன சொல்வார்கள் என்று பவுல் கேட்ட கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. பெரியப்பாவுக்குப் புரியும் மொழியில், இறந்தவரின் பெயரைச் சொல்லி, மூன்று நிமிடம் ஜெபித்தால் அவரும் தலை குனிந்து நிற்பார்.

கேள்வி: அதற்காக முற்றிலும் தடை செய்துவிடலாமா?

முடியாது. தடைபண்ணாதிருங்கள் என்பதும் அதே அதிகாரத்தின் கட்டளைதான் (14:39). ஒழுங்கைக் காட்டி வரத்தை அடைப்பவர்களும், வரத்தைக் காட்டி ஒழுங்கை மீறுபவர்களும் அந்தக் கடைசி இரண்டு வசனங்களில் பாதியைத்தான் வாசிக்கிறார்கள்.

கேள்வி: வாலிபர் முகாமில் என் மகளைச் சுற்றி நின்று, ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்களாம். அவள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். என்ன செய்வது?

முதலில் அவளிடம், அவள்மேல் எந்தக் குறையும் இல்லை என்று சொல்லுங்கள். சொல்லைப் பழக்கிக் கொடுத்து வாயைத் திறக்க வைக்கும் முறைக்கு நடபடிகளிலும் கொரிந்தியரிலும் ஓர் உதாரணம்கூட இல்லை. செசரியாவில் பேதுரு பிரசங்கத்தை முடிக்கக்கூட இல்லை. யாரையும் சுற்றி நிற்கவில்லை. ஆவியானவர் தமக்குச் சித்தமானபடி ஒவ்வொருவருக்கும் பகிர்ந்து கொடுக்கிறார் என்பது 12:11.

பிறகு போதகரைத் தனியாகச் சந்தியுங்கள். சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டாம். நடந்ததை மகள் சொன்னபடியே சொல்லுங்கள். முகாமில் யார் பொறுப்பு, பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள்மேல் கை வைத்து ஜெபிக்கும்போது பெற்றோரின் சம்மதம் கேட்கப்படுகிறதா, பிள்ளை வேண்டாம் என்று சொன்னால் நிறுத்துவார்களா என்ற மூன்றையும் கேளுங்கள். நல்ல போதகர் இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால், அடுத்த முகாமுக்கு மகளை அனுப்புவதைப் பற்றி யோசிக்கத் தேவையே இருக்காது.